உங்களுக்குத் தெரியுமா? எடப்பாடியில் தொழில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு டஜன் தகவல்கள்

கையில் நாலு காசு சேர்ந்ததும் எடப்பாடிப் பக்கத்தில் எழும் கேள்வி இதுதான்: புதிதாக ஒன்றைத் தொடங்குவதா, ஓடிக்கொண்டிருப்பதை வாங்குவதா? தறி, வெல்லம், லாரி, கோழி, போர்வெல் ரிக் என்று நம் பக்கத்தில் வழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தொழிலை வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலவும் கூடவே வந்து சேரும். முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. மீட்டர் சொல்லும் சாட்சி

"நாலு தறியும் நல்லா ஓடுதுங்க" என்கிறார் பட்டறையை விற்பவர். ஒரு வருடத்து மின் கட்டண விவரத்தைக் கேளுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் இழுக்கும். தறிக்கு அப்படி ஒரு மோட்டார் வீதம் நாலு தறி, நாளுக்கு 12 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் என்றால் 1,800 யூனிட் வரை ஏற வேண்டும். பாவு மாற்றும் நேரம், சுமை குறைந்த நேரம் எல்லாம் கழித்தாலும் ஆயிரத்தைத் தாண்டும். பில்லில் 600தான் இருக்கிறதா? தறி பாதி நாள் சும்மா நின்றிருக்கிறது. வரவு நோட்டை எழுதியது விற்பவர்; மீட்டரை அவர் எழுதவில்லை.

2. லாபத்தில் அரசின் பங்கு

தமிழகத்தில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசமாக இருந்தது. 2016இல் அது 750 ஆனது, 2023 மார்ச் முதல் 1,000 ஆனது. சின்னப் பட்டறையின் லாபத்தில் ஒரு பகுதி இந்தச் சலுகையால் வருவது. எனவே கணக்கை இரண்டு முறை போடுங்கள்: இலவச யூனிட்டோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று. இரண்டாவது கணக்கிலும் கையைக் கடிக்காத விலைதான் சரியான விலை.

3. பழைய கரண்ட் பாக்கி யார் தலையில்?

முந்தைய உரிமையாளர் வைத்த மின் கட்டண பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் கேட்க முடியுமா? விதிகளில் இடமிருந்தால் கேட்கலாம் என்று 2023 மே மாதம் கே.சி.நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டடத்தை ஏலத்தில் எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். "பாக்கி இல்லை" என்பதை வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

4. ஜிஎஸ்டியும் கூடவே வரும்

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவு விற்றவர், வாங்கியவர் இருவரையும் சேர்த்தே பிடிக்கிறது. கைமாறும் நாள் வரையிலான வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு இருவரும் பொறுப்பு. அந்தத் தொகை பின்னால்தான் கணக்கிடப்பட்டது என்றாலும் தப்ப முடியாது. ஆகவே விலையில் ஒரு பகுதியைச் சில மாதம் நிறுத்திவைத்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

5. ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம்

குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரத் தறிகளில் ஓட்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்து வைப்பது நெடுநாள் பழக்கம். அவர் வேறு பட்டறைக்கு மாறினால், புது முதலாளி அந்தப் பாக்கியைத் தீர்த்து அழைத்துப்போவார். பட்டறையை மொத்தமாக விற்கும்போது "ஆள் மேல இவ்வளவு நிக்குது, அதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க" என்று ஒரு தொகை வரலாம். அந்தக் கடனைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலையில் வைத்திருப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திரும்பக் கேட்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. சட்டப்படி வசூலிக்க முடியாத பணத்தைச் சொத்து என்று எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

6. எல்லாத் துணியும் விசைத்தறிக்கு இல்லை

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 இனங்களில் குறிப்பிட்ட நூல், கரை, வேலைப்பாடு கொண்டவற்றைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. தொடக்கத்தில் 22 இனங்கள் இருந்தன. வாங்கப்போகும் பட்டறையில் இப்போது என்ன ரகம் ஓடுகிறது என்பதைத் தறியில் ஏறியிருக்கும் பாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கப்பட்ட ரகமாக இருந்தால், சோதனைக்கு வரும் அலுவலருக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

7. ஊர் எல்லை தாண்டினால் மானியம் கூடும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பின் உச்சவரம்பு 2022இல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 25, 35. எடப்பாடி நகராட்சிக்குள் போடும் அதே ஷெட்டைப் பக்கத்து ஊராட்சியில் போட்டால் 10 சதவீதம் கூடுதல். ஒன்று மட்டும் கவனம்: இது புதுத் தொழிலுக்குத்தான். ஓடிக்கொண்டிருப்பதை வாங்கினால் இந்த மானியம் கிடையாது. பட்டறையின் விலையைப் பேசும்போது இந்த இழப்பையும் விற்பவரிடம் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம்.

8. நாற்பத்தைந்து நாள் கெடு

துணியை எடுத்துக்கொண்டு "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுக்கும் வியாபாரியா? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கு மத்திய அரசின் உத்யம் பதிவு வேண்டும், கட்டணம் கிடையாது. சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. உற்பத்தியா, வியாபாரமா என்று முடிவெடுக்கும்போது இதையும் தராசில் வையுங்கள்.

9. விலையைச் சொல்வது யார்?

நாமக்கல் கோழிப்பண்ணையாளர் தன் முட்டைக்குத் தானே விலை வைப்பதில்லை. 1982இல் பி.வி.ராவ் முன்னின்று தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையே அடிப்படை. பரமத்தி வேலூர் அருகே பிலிக்கல்பாளையத்தில் 30 கிலோ வெல்லச் சிப்பத்தின் விலையை ஏலம் தீர்மானிக்கிறது. விலை உங்கள் கையில் இல்லாத தொழிலில் லாபம் செலவைக் குறைப்பதில் மட்டுமே இருக்கிறது. தீவனமோ கரும்போ யாரிடம், என்ன தவணைக்கு வாங்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

10. சனிக்கிழமைக் காசு

கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலமும் அங்கே அதே நாளில்தான். சாப்பாட்டுக் கடையோ விதை, உரக் கடையோ அந்தப் பக்கம் வாங்குவதானால், கல்லாவைச் சனிக்கிழமை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை மதியம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

11. கருவாட்டிலிருந்து ஜவ்வரிசிக்கு

சேலத்தின் ஜவ்வரிசித் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் ஒரு கருவாட்டு வியாபாரி, மாணிக்கம் செட்டியார். வியாபாரமாகக் கேரளம் போய்வந்த அவர், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். ஷாவுக்கு மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தெரியும். உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோயிருந்த 1943இல் இருவரும் சேலத்தில் தொடங்கினார்கள். உருண்டைகளைச் சாதாரண வாணலியில் வறுத்து, வெயிலில் காயவைத்த காலம் அது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் என்ன சரக்கு வராமல் நின்றிருக்கிறது என்று கவனித்தவருக்கும், அதைச் செய்யத் தெரிந்தவருக்கும் கூட்டு அமைந்ததுதான் அங்கே முதல்.

12. விற்றவரே எதிரில் கடை போட்டால்?

நல்ல விலை கொடுத்து மளிகைக் கடையை வாங்குகிறீர்கள். மூன்றாம் மாதமே விற்றவர் எதிரில் புதுக் கடை திறக்கிறார், பழைய வாடிக்கை எல்லாம் அங்கே போகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவு, தொழில் செய்யாதே என்று ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. ஆனால் ஒரே விதிவிலக்கையும் அதே பிரிவு தருகிறது: தொழிலின் நற்பெயரை விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், அந்த எல்லை நியாயமானதாக இருக்கும்வரை அது செல்லும். எனவே விற்பனைப் பத்திரத்தில் தளவாடம், சரக்கு ஆகியவற்றோடு நற்பெயருக்கும் தனியாக ஒரு தொகையைக் காட்டுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே மீதிப் பணத்தை எடுத்து நீட்டுங்கள்.