கடதாசி ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் திறமையும்

காங்கேசன்துறையிலும் அதனைச் சூழவுள்ள கிராமங்களிலும் கடதாசி விளையாட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது '304' ஆகும். கலியாண வீட்டிலும், இழவு வீட்டில் கண்விழித்திருக்கும் இரவிலும் நால்வர் கூடினால் இவ்வாட்டம் தொடங்கிவிடும். 1990 ஆம் ஆண்டில் போர் காரணமாக இம்மண்ணை விட்டு வெளியேறிய மக்கள், தாம் சென்ற இடமெல்லாம் இதனையும் கொண்டு சென்றனர். புலம்பெயர்ந்த நாடுகளிலும் இன்றுவரை அது ஆடப்படுகின்றது.

இன்று கையடக்கத் தொலைபேசியினூடாக வேறொரு கடதாசி ஆட்டம் இளைஞர்களை வந்தடைந்துள்ளது. பணம் வைத்து ஆடப்படும் போக்கரே அதுவாகும். 'இது சூதன்று, திறமை விளையாட்டு' என்பதே அதற்குச் சார்பாகக் கூறப்படும் வாதம். இவ்வாதத்தில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வது அவசியமாகும்.

நாம் நன்கறிந்த 304 இலிருந்தே தொடங்குவோம். இதற்கு 32 கடதாசிகள் பயன்படுகின்றன. ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸிற்கு 11, பத்துக்கு 10, கிங்கிற்கு 3, குயினுக்கு 2 எனப் புள்ளிகள் உண்டு. ஒரு இனத்திற்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் மொத்தம் 304 புள்ளிகள். எந்தக் கடதாசி எவர் கைக்கு வரும் என்பது முற்றிலும் அதிர்ஷ்டமே. ஆயினும் முதல் நான்கு கடதாசிகளை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்பதும், துரும்பை மறைத்து வைப்பதும், விழுந்த கடதாசிகளை நினைவில் வைத்திருப்பதும், கூட்டாளியின் கையை ஊகிப்பதும் திறமையாகும். ஓர் ஆட்டத்தில் கற்றுக்குட்டியும் வெல்லலாம். விடியும் வரை ஆடினால் கெட்டிக்காரரின் கையே ஓங்கும்.

போக்கரும் இவ்விதிக்கு விலக்கன்று. அதில் பரவலாக ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரு கடதாசிகள் மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து கடதாசிகள் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கப்படும். ஆரம்பத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கை இரண்டு ஏஸ்களாகும். அது 221 தடவைகளுக்கு ஒருமுறையே வரும் எனக் கணிதம் கூறுகின்றது. அதனை வைத்திருப்பவர் இரண்டு கிங்குகளை வைத்திருப்பவரோடு மோதினால், ஐந்தில் ஏறத்தாழ நான்கு தடவைகளே வெல்வார். சரியாக ஆடியும் எஞ்சிய தடவைகளில் தோற்க நேரும். எனினும் எப்போது பணம் வைப்பது, எப்போது கையைக் கைவிடுவது, எதிராளி உண்மையில் பலமாக இருக்கிறாரா அல்லது பாசாங்கு செய்கிறாரா என்று கணிப்பதில் திறமைக்குப் பெரும் பங்குண்டு.

இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது ஒரு கணினி நிரலாகும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட 'லிப்ராட்டஸ்', 2017 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரைத் தோற்கடித்தது. கணினிக்கு அதிர்ஷ்ட தேவதை அருள்புரிவதில்லை. எனவே திறமை உண்டென்பது உறுதி. ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கை ஒதுக்கித் திறமையை இனங்காண்பதற்காக அங்கு ஆடப்பட்டவை 120,000 ஆட்டங்கள் என்பதும் நோக்கத்தக்கது. நாளொன்றுக்கு 50 ஆட்டங்கள் ஆடும் ஒருவர் அத்தொகையை எட்ட ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை தம் வெற்றி திறமையால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்பதை அவரே அறியமாட்டார். இரண்டு நாள் வென்றவர் தம்மை வல்லவர் எனக் கருதுவதும், தோற்றவர் 'நாளை மீட்டுவிடலாம்' என எண்ணுவதும் இதனாலேயே.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறையோடு கப்பல் சேவையால் இணைக்கப்பட்ட நாகப்பட்டினம் அமைந்துள்ள தமிழ்நாட்டில், இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. இணையத்தில் பணத்தை இழந்தோர் சிலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, அம்மாநிலம் 2022 இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. 2023 நவம்பரில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி அவற்றை அத்தடையிலிருந்து நீக்கியது. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா எனப் பாராது, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. இலங்கையிலும் அதே ஆண்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது.

உண்மையில் 'திறமை விளையாட்டு' என்ற பெயர் புதியவருக்குப் பாதுகாப்பன்று, எச்சரிக்கையே ஆகும். ஆறு பேர் தலா ஆயிரம் ரூபாவுடன் அமர்ந்தால் மேசையில் இருப்பது ஆறாயிரம் ரூபா மட்டுமே. ஒருவர் வெல்லும் ஒவ்வொரு ரூபாவும் இன்னொருவர் இழந்ததாகும். இதில் ஆட்டத்தை நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், பகிர்வதற்கு ஆறாயிரமும் எஞ்சுவதில்லை. முழுக்க அதிர்ஷ்டமே என்றால் கற்றுக்குட்டிக்கும் சம வாய்ப்பு இருந்திருக்கும். திறமை மிகுந்த ஆட்டத்திலோ, நெடுநாள் ஆடினால் அவர் தோற்பது ஏறக்குறைய நிச்சயம். பாரதக் கதையில் தருமன் நாட்டையும் துணைவியையும் இழந்தது அதிர்ஷ்டக் குறைவால் மட்டுமன்று. எதிரே அமர்ந்திருந்தவன் சகுனி என்பதாலேயே.

இதனால்தான் போலும், நமது நெறிநூல்கள் நீதிமன்றம் எழுப்பிய கேள்வியை எழுப்பவில்லை. திருக்குறளின் 94 ஆவது அதிகாரமான 'சூது', தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் ஆபத்தாகவே காண்கின்றது. இஸ்லாம் 'மைசிர்' எனப்படும் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து விலக்கியுள்ளது. பந்தயமின்றிக் கடதாசி ஆடுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருப்பினும், பணயம் வைத்து ஆடுவது பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. வென்றவன் மகிழத் தோற்றவன் வீடு அழுவதே இரு சமூகத்தாரும் கண்ட உண்மை.

304 ஆடிய நம் முன்னோர் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் ஒருங்கே சுவைத்தனர். பணயம் வைக்காத மேசையில் தோற்றவருக்குக் கிடைத்தது கேலி மட்டுமே. வெளிநாட்டில் உறவினர் உழைத்து அனுப்பும் பணமும், கடலில் உழைத்துச் சேர்த்த பணமும் ஒரு தொலைபேசித் திரையில் கரைவது அத்தகையதன்று. பிள்ளைகளுக்கு 'ஆடாதே' என்று கூறுவதோடு நில்லாது, இக்கணக்கையும் விளக்கிக் கூறுவது பெற்றோரினதும் ஆசிரியர்களினதும் கடமையாகும்.