குறிப்பேடும் மின்தடையும்
கணிப்பொறியில் எழுதியது அக்கணமே வட்டில் பதிந்துவிடுகிறதென்று நினைக்கிறோம், அன்று. லினக்ஸ் அதனைச் சிறிது நேரம் நினைவகத்தில் நிறுத்திப் பின்னரே வட்டுக்கு அனுப்புகிறது. இடையே மின்சாரம் நின்றால்? இதற்கெனவே ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமை ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. அதன் போக்கை, வட்டை இணைக்கும்போதே நாம் தேர்ந்தெடுக்கலாம். ‘ஜர்னல்’ என்றால் தரவு முழுவதும் முதலில் குறிப்பேட்டிலும் பிறகு உரிய இடத்திலுமாக இருமுறை எழுதப்படும், தாமதந்தான். ‘ரைட்பேக்’ விரைவானது; ஆயினும் மின்தடைக்குப் பின், புதிய கோப்பினுள் என்றோ நீக்கிய பழைய தரவு தலைகாட்டக்கூடும். வழக்கமாயுள்ள ‘ஆர்டர்டு’, தரவை வட்டில் எழுதிய பின்னரே அதன் விவரத்தைக் குறிப்பேட்டில் உறுதிசெய்யும். ‘நோஏடைம்’ ஒன்றை நான் தயங்காது சேர்ப்பேன். படித்த நேரத்தைக் குறிப்பதை நிறுத்துமேயன்றி, அது தரவைத் தொடாது. ‘நோபேரியர்’ இட்டு வேகம் தேடுவதோ, வட்டின் இடைநினைவகத்துக்கு மின்கலத் துணை இருந்தாலன்றி, எனக்கு உடன்பாடன்று.