கடைக் கணக்கை வீட்டிலிருந்து பார்க்கலாம்

எனக்குக் கடை புறக்கோட்டையில், வீடு தெஹிவளையில். இரவில் கணக்குப் பார்ப்பதற்காக பைலை பென் டிரைவில் கொண்டுவருவேன். ஒருநாள் பழைய பைலைப் புதியதன் மேல் பதிந்துவிட்டேன். அன்றைய பற்றுவரவு முழுதும் அழிந்தது. இரண்டு நாள் பில் புத்தகங்களைப் புரட்டித்தான் மீட்டேன்.

இப்போது ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கிறேன். கணக்கு மென்பொருள் கடைக் கணனியிலேயே ஓடும். அதன் திரைக் காட்சி மட்டும் வீட்டுக்கு வரும். நான் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகும். பைல் இடம் மாறுவதில்லை. வீட்டுக் கணனி சற்றுப் பழையதானாலும் பரவாயில்லை. இது புதுமையுமல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இலேயே எக்ஸ் விண்டோ என்று இதையொத்த ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது.

கடைக் கணனியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் இப்படி நுழைய முடியாது. புரோ பதிப்பு வேண்டும். வாங்குமுன் கேளுங்கள்.

ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டை நேரே திறந்துவிடச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த வாசலைத் தேடியலையும் திருடர்கள் உள்ளே புகுந்து, கணக்கைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பார்கள். வீ.பி.என். வழியாக மட்டுமே நுழையுங்கள்.

கடையில் மின்சாரம் போனால் வீட்டில் திரையும் போய்விடும். அதற்காக ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறேன்.