வரைபடத்தில் நம் தோட்டம் எங்கே? வழி தெரிந்தவர்கள் வந்தால்தான் வரைய முடியும்

பண்டார் உத்தாமாவில் எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. எபிங்ஹாம் என்பது அந்த இடத்தில் முன்பு இருந்த தோட்டத்தின் பெயர். கோலாலம்பூரில் எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் கதையும் அதுவே. பால்மரங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தோட்டத்தின் பெயர் பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

இன்னும் இருக்கிற தோட்டங்களின் நிலை வேறு. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், பல செம்பனைத் தோட்டங்கள் ஒரே பச்சை நிறமாகத்தான் தெரிகின்றன. லயத்து வீடுகளுக்கு இடையே போகும் செம்மண் பாதை, கோயில், பாலர் பள்ளி, இரண்டாவது டிவிஷனுக்குப் பிரியும் முச்சந்தி ஆகிய எதுவும் அதில் இல்லை. நடு இரவில் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வழிகாட்டுவதற்காக ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்கு ஓடுவது தோட்டத்து மக்கள் அறிந்த அனுபவம்தான்.

இந்த வெற்றிடத்தை மக்களே நிரப்பலாம். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால், அந்த வேலைக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதில்தான் சிக்கல்.

யார் வேண்டுமானாலும் வரையும் வரைபடம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடம். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் அதைத் தொடங்கினார். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவது போல, இதில் கணக்கு தொடங்கிய எவரும் சாலை, கட்டடம், கோயில், கடை ஆகியவற்றைச் சேர்க்கலாம்; தவறாக இருப்பதைத் திருத்தலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, உரிம விதிகளுக்கு உட்பட்டு, அந்தத் தரவை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

வேலை இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முதலாவது, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலைகளையும் கூரைகளையும் கோடிட்டு வரைவது. இதை உலகின் எந்த மூலையில் இருந்தும் செய்யலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களைச் சில நாள்களிலேயே வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அந்த வரைபடத்தைக் களத்தில் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது பகுதிக்கு உள்ளூர் ஆள் வேண்டும். வானத்திலிருந்து பார்த்தால் கூரை தெரியும். அது கோயிலா, மண்டபமா, உரக் கொட்டகையா என்பது தெரியாது. மழைக்காலத்தில் எந்தப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும் என்பதும் தெரியாது. அந்த இடத்தை மக்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் இல்லை.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா பெரிய புறம்போக்குக் குடியிருப்பு. பல்லாயிரம் பேர் வாழ்ந்த அந்த இடம் வரைபடங்களில் வெறுமையாகவே கிடந்தது. 2009ஆம் ஆண்டு அங்கே வசிக்கும் இளைஞர்களே பயிற்சி பெற்று, தெருத் தெருவாக நடந்து, தண்ணீர்க் குழாய், மருந்தகம், பள்ளி, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். வெளியாள் வரைந்திருந்தால் சாலைகள் வந்திருக்கும். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை அங்கே வாழ்பவர்களே பதிந்தார்கள்.

வரைபவர் பார்ப்பதே வரைபடத்தில் வரும்

கதவு எல்லாருக்கும் திறந்திருந்தாலும், உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரியானவர்கள்: கணினியில் பழகிய, ஓரளவு ஓய்வு நேரம் உள்ள, நகரத்து ஆண்கள். பல ஆண்டுகளாக எடுக்கப்பட்ட ஆய்வுகள் எல்லாமே பெண்கள் மிகச் சிறுபான்மை என்றே காட்டுகின்றன.

இதனால் என்ன நட்டம்? ஒரு பழைய விவாதம் பதில் சொல்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் அதன் வகையைச் சொல்லும் ஒரு குறி உண்டு. மது அருந்தும் இடங்களுக்குப் பார், பப், பீர்த் தோட்டம் என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. குழந்தைப் பராமரிப்பு இடத்துக்கு ஒரு தனிக் குறி வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு வந்த முன்மொழிவோ வாக்கெடுப்பில் தோற்றது. பாலர் பள்ளிக்கான குறியே போதும் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். மோனிக்கா ஸ்டீபன்ஸ் என்ற புவியியல் ஆய்வாளர் 2013ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வில் இதை எடுத்துக்காட்டினார். வாக்களிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே வரைபடத்தில் எது இடம் பிடிக்கும் என்பது முடிவாகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு வலுத்தது. இன்று அந்தக் குறி பரவலாகப் பயன்படுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விவாதமே வியப்பாக இருக்கும். விடியுமுன் பால்வெட்டப் போன தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகையையும், பிள்ளைகள் எழுத்துப் படித்த பள்ளிக்கூடத்தையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே இல்லை. அத்தகைய ஒரு தாய் அந்த வாக்கெடுப்பில் இருந்திருந்தால், வேறுபாட்டை ஒரே வரியில் விளக்கியிருப்பார்.

"யாரும் வரலாம்" என்றால் போதாது

பலதரப்பட்டவர்களைச் சேர்க்க முயன்ற குழுக்களின் அனுபவம் சில பாடங்களைத் தருகிறது.

ஒன்று, மக்களின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும். 2016ஆம் ஆண்டு லத்தீன் அமெரிக்க வரைபட ஆர்வலர்கள் கூடிய மாநாட்டில், அங்கு வந்திருந்த பெண்கள் ஜியோசிக்காஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். எந்தத் தெருக்களுக்குப் பெண்களின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவது அவர்களுடைய பணிகளில் ஒன்று. வரைபடக் கலையில் ஆர்வம் இல்லாதவர்களையும் அந்தக் கேள்வி இழுத்தது. "மென்பொருள் கற்றுக்கொள்ள வாருங்கள்" என்று அழைத்தால் நாலு பேர் வரலாம். "நம் கோயிலுக்கு வரும் வழி கைப்பேசியில் தவறாக இருக்கிறது, சரிசெய்வோம்" என்றால் கோயில் நிர்வாகமும் வரும், திருவிழாவுக்கு வரும் முன்னாள் தோட்டத்துப் பிள்ளைகளும் வருவார்கள்.

இரண்டு, வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கணினி முன் உட்கார வேண்டியதில்லை. பல நாடுகளில் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, பேனாவால் குறித்து வாங்கி, பிறகு வேறொருவர் கணினியில் ஏற்றுகிறார்கள். நம் ஊரில் பெயர் தெரிந்தவர் பாட்டி. சந்துபொந்து தெரிந்தவர் உணவு விநியோகிக்கும் இளைஞர் அல்லது லோரி ஓட்டுநர். தட்டச்சு தெரிந்தவர் இடைநிலைப் பள்ளி மாணவி. மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு டிவிஷனை ஒரு காலையில் முடித்துவிடலாம்.

மூன்று, இடமும் நேரமும் வருபவருக்கு ஏற்றபடி அமைய வேண்டும். நகரத்து உணவகத்தில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், தோட்டத்துப் பெண்ணால் வர முடியாது. ஞாயிறு காலை, தமிழ்ப்பள்ளியில், பிள்ளைகளைக் கூடவே அழைத்து வரலாம் என்று சொன்னால் வர முடியும். வேன் ஏற்பாடு இருந்தால் கூடுதல் பேர் வருவார்கள்.

நான்கு, மொழி. ஓர் இடத்துக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று தனித்தனியே பெயர் பதிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வசதி உண்டு. உள்ளூர் மக்கள் வழங்கும் பெயரையும் பழைய பெயரையும்கூடத் தனியே பதியலாம். தெலுக் இந்தானை இன்னும் தெலுக் ஆன்சன் என்றே சொல்லும் முதியவர்கள் உண்டு. 1982ஆம் ஆண்டு பெயர் மாறிய அந்த ஊரின் இரண்டு பெயர்களும் வரைபடத்தில் அருகருகே இருக்கலாம். ஆங்கிலம் தெரியாதவரும் தமிழ்ப் பெயரைச் சரிபார்க்கும் வேலையை முதல் நாளே செய்யலாம்.

ஐந்து, முதல் தவற்றை எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. புதியவர் ஒரு சாலையைத் தவறாக இணைத்துவிடுவார். பழையவர் ஒருவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அதை அழித்துவிட்டால், அந்தப் புதியவர் திரும்ப வரமாட்டார். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் கருத்து எழுத இடம் இருக்கிறது. "சேர்த்ததற்கு நன்றி, இந்த முனையை மட்டும் இப்படி இணைத்தால் சரியாகிவிடும்" என்ற ஒரு வரி போதும். ஒரு பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, இரண்டாவது முறை எத்தனை பேர் வந்தார்கள் என்பதே சரியான கணக்கு.

கவனிக்க வேண்டியவை

மற்ற நிறுவனங்களின் வரைபடங்களைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. கூகள் வரைபடத்திலிருந்து பெயர்களை எடுத்துச் சேர்ப்பதும் இதில் அடங்கும். அது பதிப்புரிமைச் சிக்கல். நேரில் பார்த்ததையும் தாமே அறிந்ததையும் பதியலாம். வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஆள்களின் பெயரைப் பதியக் கூடாது. தோட்டம் தனியார் நிலமாக இருந்தால், உள்ளே போகுமுன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

வரைபடத்தில் ஒரு கோயிலைப் பதிந்துவிட்டால் அந்த நிலத்துக்கு உரிமை கிடைத்துவிடாது. நிலப்பட்டா வேறு, வரைபடம் வேறு. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொன்று, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று தரையில் இருப்பதை மட்டுமே ஏற்கும். இடிக்கப்பட்ட லயத்தையும் ஆயாக் கொட்டகையையும் அதில் வரைய முடியாது. அவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனி வரைபடம் இருக்கிறது. எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டு வரை ஓர் இடம் இருந்தது என்பதோடு அதில் பதியலாம்.

யாரிடம் தொடங்குவது?

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் அவற்றில் பல. ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னாள் மாணவர்கள் உண்டு. அவர்களில் முதியவர்களுக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு நிரையும் தெரியும். கம்பெனி வைத்த பெயர் ஆவணங்களில் இருக்கும். தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயரோ அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

செயற்கைக்கோள் படத்தைப் பத்து ஆண்டுகள் கழித்தும் வரைந்துகொள்ளலாம். பெயர் சொல்லக்கூடியவர்கள் அதுவரை இருப்பார்களா என்று சொல்ல முடியாது. வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் இருந்தால், இந்த வாரம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவரிடம் கொடுத்து, பெரட்டுக் களத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்கலாம். அவர் போடும் கோடு நேராக இருக்காது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்தால், நேராக வரைந்து கொடுக்க இன்னொருவர் வருவார்.