குறுங்கோள் கோள் இல்லையா?

சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அம்மா, அப்பா, தாத்தா எல்லாரும் ஒன்பது என்பார்கள். நீங்கள் பள்ளியில் எட்டு என்று படித்திருப்பீர்கள். யாரும் தவறாகப் படிக்கவில்லை. அவர்கள் பள்ளியை விட்டு வந்த பிறகு, 2006 ஆகஸ்ட் 24ஆம் தேதி, செக் குடியரசின் தலைநகர் பிராக்கில் கூடிய வானியலாளர்கள் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்தார்கள். அன்று புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கியது.

வாக்கெடுப்பு நடத்தி ஒரு கோளை நீக்க முடியுமா? அறிவியலில் பெரும்பான்மைக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் பட்டியல் மாறியது அதுதான் முதல்முறை என்று நினைக்க வேண்டாம். கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போது கவனித்திருப்பீர்கள். அங்கும் ஒன்பதுதான். ஆனால் அது வேறு ஒன்பது. சூரியனும் சந்திரனும் அதில் உண்டு, ராகுவும் கேதுவும் உண்டு, பூமி கிடையாது. பழைய கிரேக்கர்களும் சூரியன், சந்திரன் உட்பட ஏழு பொருள்களைத்தான் ‘அலைபவை’ என்று சொன்னார்கள். பூமியும் சூரியனைச் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகு சூரியனும் சந்திரனும் பட்டியலிலிருந்து வெளியேறின, பூமி உள்ளே வந்தது.

புளூட்டோவின் கதைக்கு இன்னும் நெருக்கமானது சீரிஸின் கதை. 1801 ஜனவரி 1ஆம் தேதி, சிசிலித் தீவின் பாலர்மோ நகரில் ஜூசெப்பே பியாஸி என்ற வானியலாளர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு புதிய பொருளைக் கண்டார். அதற்குச் சீரிஸ் என்று பெயரிட்டுக் கோள்களோடு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று அதே வட்டாரத்தில் மேலும் மூன்று அகப்பட்டன. எல்லாம் கோள்கள்தாம். 1840களில் சில வானியல் நூல்கள் பதினொரு கோள்களைப் பட்டியலிட்டன. 1845க்குப் பிறகு நிலைமை கைமீறிப்போனது. ஆண்டுதோறும் புதிது புதிதாகக் கிடைக்க, 1851க்குள் எண்ணிக்கை பதினைந்தானது. இத்தனையையும் கோள் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? வில்லியம் ஹெர்ஷல் 1802லேயே முன்மொழிந்திருந்த ‘சிறுகோள்’ என்ற வகைக்குள் அவை மெல்ல மெல்லப் போயின. வாக்கெடுப்பு இல்லை, சண்டை இல்லை. சீரிஸுக்காக யாரும் அழுததாகவும் தெரியவில்லை.

புளூட்டோவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கலவரம்? கண்டுபிடித்தபோது அதற்குத் துணையே தெரியவில்லை என்பதுதான் காரணம். 1930 பிப்ரவரி 18ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்போ என்ற 24 வயது இளைஞர், சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. பூமியளவு நிறை இருக்கும் என்று அப்போது நம்பினார்கள். 1978இல் அதன் துணைக்கோளான சாரோன் கண்ணில் பட்டது. ஒரு துணைக்கோள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கு முடிந்தபோது, புளூட்டோவின் நிறை பூமியின் நிறையில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. அதன் குறுக்களவு சுமார் 2,377 கிலோமீட்டர். நம் நிலாவுக்கு 3,474 கிலோமீட்டர்.

பிறகு துணைகளும் வந்து சேர்ந்தன. டேவிட் ஜூயிட், ஜேன் லூ இருவரும் ஐந்து ஆண்டுகள் தேடி, 1992இல் ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து நெப்டியூனுக்கு அப்பால் ஒரு சிறு பனிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தப் பகுதியைக் கைப்பர் பட்டை என்கிறோம். அங்கே தெரிந்தவை ஆயிரக்கணக்கில். புளூட்டோ தனிமரம் அல்ல, ஒரு தோப்பின் உறுப்பு.

2005 ஜனவரியில் மைக் பிரவுன் குழுவினர், 2003இல் எடுத்திருந்த படங்களை மறுபடி ஆராய்ந்தபோது ஒரு பொருளைக் கண்டார்கள். அது புளூட்டோவை விடப் பெரியது என்று அப்போது தோன்றியது. இப்போது பார்த்தால் குறுக்களவில் அது புளூட்டோவுக்குச் சற்றே சிறியது, சுமார் 2,326 கிலோமீட்டர். ஆனால் நிறையில் புளூட்டோவை விட 27 விழுக்காடு அதிகம். இனி இரண்டே வழி: இதையும் பத்தாவது கோளாக ஏற்க வேண்டும், அல்லது புளூட்டோவை நீக்க வேண்டும்.

அனைத்துலக வானியல் ஒன்றியம் பிராக்கில் முதலில் முன்வைத்த வரைவு சேர்க்கும் பக்கம்தான் சாய்ந்திருந்தது. சீரிஸ், சாரோன், புதிய பொருள் மூன்றையும் சேர்த்தால் கோள்கள் பன்னிரண்டு. பலர் எதிர்த்தார்கள். விவாதத்தை நடத்திய ஜாஸ்லின் பெல் பர்னெல் ஒரு குடையையும் புளூட்டோ நாய்ப் பொம்மையையும் கொண்டுவந்து, ‘கோள்’ என்ற குடையின் கீழ் எது எது நிற்கும் என்று விளக்கினார். கடைசியில் மூன்று நிபந்தனைகள் தேறின. கோள் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெறுமளவு நிறை வேண்டும். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

புளூட்டோ தவறியது மூன்றாவதில். துப்புரவு என்றால் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது என்பதல்ல, அந்த வட்டாரத்தில் ஆதிக்கம் யாருடையது என்பதுதான். பூமியின் வட்டாரத்தில் திரியும் மற்றச் சிறுபொருள்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், பூமியின் நிறை அதைப்போல ஏறத்தாழ 1.7 மில்லியன் மடங்கு என்று ஸ்டீவன் சோட்டர் என்ற வானியலாளர் கணக்கிட்டார். புளூட்டோவின் நிறையோ, அதன் வட்டாரத்தில் உள்ள மற்றவற்றின் கூட்டு நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. புளூட்டோவுக்குச் சென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலத் திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் கேட்பது இது: ஒரு பொருள் எது என்பதை அதன் இயல்பை வைத்துச் சொல்ல வேண்டாமா, இருக்கும் இடத்தை வைத்தா சொல்வது? பூமியைக் கொண்டுபோய்ப் புளூட்டோவின் தொலைவில் வைத்தால் அதனாலும் அவ்வளவு பரந்த வட்டாரத்தைத் துப்புரவாக்க முடியாது என்பது அவர் வாதம். அன்று வாக்களித்த 424 பேர் ஒன்றியத்தின் உறுப்பினர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற குறையும் உண்டு. 2015 ஜூலை 14ஆம் தேதி அந்த விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது அனுப்பிய படங்களில் நைட்ரஜன் பனிச் சமவெளியும், ஆயிரக்கணக்கான மீட்டர் உயரப் பனிக்கட்டி மலைகளும் தெரிந்தன. நிலவியல் படிப்பவர்களுக்கு அது கோளாகத் தெரிவதில் வியப்பில்லை. உருண்டையாக இருந்தாலே போதும் என்று வைத்துக்கொண்டால் நம் நிலாவும் கோளாகிவிடும். அதற்கும் அவர்களில் பலர் தயார்!

எனக்கு உறுத்துவது வேறு. புளூட்டோவை எட்டிலிருந்து பிரித்தது சரி. ஆனால் பிரித்துவிட்டுக் ‘குறுங்கோள்’ என்று பெயர் வைத்து, குறுங்கோள் என்பது கோள் அல்ல என்றும் முடிவு செய்தார்களே, அதுதான் இடிக்கிறது. குறும்படம் படம்தான். குறுநாவல் நாவல்தான். குறுங்கோள் மட்டும் கோள் இல்லையாம்! ஆங்கிலச் சொல்லிலும் இதே சிக்கல்தான். எட்டையும் ‘மரபுக் கோள்கள்’ என்று அழைத்து, குறுங்கோளையும் கோள்களில் ஒரு வகையாக வைத்துக்கொள்ள வழிவிடும் ஒரு திருத்தமும் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. அது தோற்றுப்போனது. அது வென்றிருந்தால் பாதிச் சண்டை அன்றே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வகை பிரிப்பதில் இத்தனை சண்டை என்றால், பெயர் வைப்பதில்? ‘புளூட்டோ’ என்ற பெயரைச் சொன்னது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி. 1930 மார்ச் 14ஆம் தேதி காலை உணவின்போது தாத்தா செய்தித்தாளில் புதிய கோளைப் பற்றிப் படித்துக் காட்ட, இருண்ட பாதாள உலகின் ரோமானியக் கடவுளின் பெயரை அவள் சொன்னாள். தாத்தா அதை ஒரு வானியல் பேராசிரியரிடம் தெரிவிக்க, அவர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். பெயரின் முதலிரண்டு ஆங்கில எழுத்துகள் வானாய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவெலின் முதலெழுத்துகளாகவும் அமைந்தன. தாத்தா பேத்திக்கு 5 பவுண்டு பரிசளித்தார்.

இன்று அப்படி எளிதாக முடியாது. பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வேறெதற்கும் வைத்ததாக இருக்கக் கூடாது. 1992இல் கண்டுபிடித்ததற்கு ஜூயிட்டும் லூவும் ‘ஸ்மைலி’ என்று பெயரிட விரும்பினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சிறுகோள் இருந்தது. கைப்பர் பட்டையின் பல பொருள்களுக்குப் படைப்புத் தொன்மங்களிலிருந்து பெயர் எடுக்க வேண்டும் என்பது மரபு. உலகின் எந்தப் பண்பாட்டிலிருந்தும் எடுக்கலாம். ஹவுமேயா ஹவாய் மக்களின் பிறப்புத் தெய்வம், மாக்கேமாக்கே ஈஸ்டர் தீவின் கடவுள். நமக்குத் தெரிந்த பெயரும் ஒன்று அங்கே சுற்றுகிறது: 20000 என்ற எண்ணுடைய பொருளுக்கு வருணன் பெயர். தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு உரியவனாகச் சொல்லும் அதே வருணன்தான்.

பிராக்கில் இத்தனை சச்சரவுக்குக் காரணமான பொருளுக்கு, சில வாரங்களில் ஏரிஸ் என்று பெயர் சூட்டினார்கள். கிரேக்கத் தொன்மத்தில் சண்டை மூட்டும் தெய்வம் அவள். மைக் பிரவுனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

ஹவுமேயாவின் பெயரில் உண்மையாகவே ஒரு சண்டை இருந்தது. பிரவுன் குழு 2004 டிசம்பரில் அதைக் கண்டுவிட்டு, மேலும் ஆராயும்வரை வெளியில் சொல்லாமல் இருந்தது. 2005 ஜூலையில் ஒரு ஸ்பானியக் குழு முந்திக்கொண்டு அறிவித்தது. யார் முதலில் என்பதில் இரு தரப்புக்கும் தகராறு முற்றியது. 2008இல் ஒன்றியம் பிரவுன் தரப்பு சொன்ன பெயரை ஏற்றது. கண்டுபிடித்த இடம் என்று ஸ்பெயினில் உள்ள வானாய்வகத்தைக் குறித்தது. கண்டுபிடித்தவர் பெயருக்குரிய இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டது.

2007இல் கண்டுபிடித்த இன்னொரு பொருள் பன்னிரண்டு ஆண்டுகள் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு கிடந்தது. 2019இல் கண்டுபிடித்தவர்களே மூன்று பெயர்களைக் கொடுத்துப் பொதுமக்களை வாக்களிக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 280,000 வாக்குகள் விழுந்தன. வென்றது சீனத் தொன்மத்தின் நீர்க்கடவுளான கோங்கோங். 2020இல் அது அதிகாரப்பூர்வமானது. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றியம் குறுங்கோள்களாக ஏற்றிருப்பவை சீரிஸ், புளூட்டோ, ஹவுமேயா, மாக்கேமாக்கே, ஏரிஸ் என ஐந்துதான். அந்தப் பட்டியலில் கோங்கோங் இன்னும் இடம்பெறவில்லை.