மனதுருக்கத்திற்குத் தைரியமும் வேண்டும்



1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. குண்டுச் சத்தத்தின் நடுவிலும் யாழ் போதனா மருத்துவமனையின் செவிலியர் சிலர் வியாதியஸ்தரைக் கைவிடாமல் பணியில் நிலைத்திருந்தனர். 21ஆம் தேதி, தீபாவளி நாளன்று, இந்தியப் படையினர் உள்ளே புகுந்து சுட்டனர். மருத்துவர், செவிலியர், நோயாளிகள் என ஏறக்குறைய 70 பேர் மாண்டனர். மறுநாள் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் மூன்று செவிலியரும், தாங்கள் யாரென்று உரக்கச் சொல்லியவாறே கைகளை உயர்த்தி நடந்துவந்தனர். அவர் சுடப்பட்டு மரித்தார், செவிலியர் காயமுற்றனர்.

நல்ல சமாரியன் உவமையைத் (லூக்கா 10) தியானியுங்கள். எரிகோ வழி கள்ளர் பயமுள்ள வழி. விலகிப்போனவர்களைத் தடுத்தது அந்தப் பயமாகவும் இருக்கலாம் அல்லவா? சமாரியனோ அதே வழியில் நின்றான்.

லிங்கராஜபுரத்தின் ஒற்றை அறை வீடுகளில் அடுத்த வீட்டு இருமல் நமக்குக் கேட்கிறது. வேலைக்கு நேரமாகிறது, நோய் தொற்றிவிடுமோ, கன்னடம் சரியாக வராதே என்று தயங்கி, "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அந்தச் செவிலியருக்கு எதிரே நின்றதோ துப்பாக்கி!

பிரியமானவர்களே, இன்றே அந்தக் கதவைத் தட்டுங்கள். கஞ்சி கொண்டுபோங்கள். மருத்துவமனை வரிசையில் உடன் நில்லுங்கள். அருகில் அமர்ந்து ஜெபியுங்கள். அதற்கான தைரியத்தைக் கர்த்தர் தாமே உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.