தோலும் ஒட்டுக் கருவியும்

நீரிழிவு நோயாளர் தம் இரத்தச் சருக்கரையை அறிய விரல் நுனியை ஊசியாற் குத்திப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். இன்று பலர் மேற்கையின் பின்புறத்தில் சிறு வட்டக் கருவியொன்றை ஒட்டிக்கொள்கின்றனர். ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிழை தோலுக்குள் இருந்து, உயிரணுக்களின் இடையே உள்ள நீர்மத்தில் சருக்கரையை அளந்து கைப்பேசிக்கு அறிவிக்கும். 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வெளிவந்த ‘ஃபிரீஸ்டைல் லிப்ரே’ இவ்வகையிற் பெயர்பெற்றது. ஒருமுறை ஒட்டினால் பதினான்கு நாள் உழைக்கும்.

மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்று 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு காட்டிற்று. இந்தியரிடையே இவ்வளவு இன்னும் மிகுதி. எனவே காப்பார் போன்ற ஊர்களில் ஆசிரியரின் சட்டைக் கைக்குள்ளும், மாணவரின் சீருடைக்குள்ளும் இக்கருவி இருக்கக்கூடும். வகுப்பிலே ஒரு பிள்ளை ஓயாமற் கையைச் சொறிந்தால் அதட்டி அமர்த்துவது போதாது. அரிப்புப் பொறாமல் அது கருவியைப் பிய்த்தெறிந்துவிட்டால், இரவில் சருக்கரை தாழும்போது எச்சரிக்கக் காவல் இல்லாமற் போகும்.

அரிப்பு இருவகைப்படும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். முதலாவது வெறும் எரிச்சல். நம் நாட்டுப் புழுக்கத்தில் ஒட்டின்கீழ் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். வெடுக்கென்று பிடுங்கினால் மேற்றோலும் உடன் வரும். இச்சிவப்பு பெரும்பாலும் ஒட்டின் வடிவிலேயே நிற்கும். கருவியை எடுத்த சில நாட்களில் ஆறும்.

மற்றொன்று ஒவ்வாமை. இது வஞ்சகமானது. பல மாதம் ஒரு குறையுமின்றி அணிந்தவருக்கும் திடீரென வரும். கடும் அரிப்பும் கொப்புளமும் நீர்க்கசிவும் ஒட்டின் எல்லையைக் கடந்து பரவும். ஒருமுறை உடல் அப்பொருளைப் பகையென அறிந்துகொண்டால் மறப்பதரிது. மறுமுறை ஒட்டும்போது இன்னும் விரைவாகச் சினக்கும். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொள்வது முதல் வகைக்கே ஓரளவு பொருந்தும். இங்கே அது கேட்டையே வளர்க்கும்.

இதற்குக் காரணமான பொருளொன்றை 2017-இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள் முதன்மையாக நின்று கண்டறிந்தனர். ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்பது அதன் பெயர். வியப்பு யாதெனில், அது தோலில் ஒட்டும் பசைக்கென இடப்பட்டதன்று. கருவியின் பிளாஸ்டிக் பகுதிகளை இணைத்த பசையிலிருந்து கசிந்து தோலை எட்டியது. சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய ஆசிரியர்க்கு ஒரு செய்தி: அப்பெயரின் நடுவே நிற்பது போர்னியோத் தீவின் பெயரே. அத்தீவின் கற்பூர மரத்திற் கிடைக்கும் பொருளுக்கு ‘போர்னியோல்’ என்று பெயரிட்டனர். அதன் உறவினப் பெயர் இது. இதனால் பூசைக் கற்பூரத்தின்மேற் பழி சுமத்த வேண்டா. பின்வந்த கருவிகளிற் சில அப்பொருளின்றிச் செய்யப்பட்டன. ஆயினும் வேறு அக்ரிலேட்டுகளும் சிலருக்கு ஒவ்வா.

ஒவ்வாமை என்று ஐயுற்றால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்க. ஐயப்பொருள்களைச் சிறுசிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாட்களுக்குப்பின் எடுத்துப் பார்ப்பர். மறுபடியும் சில நாள் கழித்துப் பார்ப்பர். முடிவு தெரிந்தால் எக்கருவிக்கு மாறலாம் என்பது விளங்கும். சிலர் கருவிக்கு அடியில் வேறு ஒட்டுத்துணியைத் தடுப்பாக வைக்கின்றனர்; எல்லாருக்கும் அது உதவுவதில்லை, அளவீடு பிழைபடவும் கூடும். மருத்துவரைக் கேளாமற் செய்தல் தகாது.

எரிச்சல் மட்டும் உடையவர்க்கு வழி எளிது. தோலைக் கழுவி, முற்றும் உலர்ந்தபின் ஒட்டுக. ஒட்டுமுன் எண்ணெயும் முகப்பவுடரும் ஆகா. ஒவ்வொரு முறையும் கையை மாற்றுக. எடுக்கும்போது மட்டும் தேங்காயெண்ணெய் நல்ல துணை: ஓரத்தில் தடவிச் சற்றுப் பொறுத்து, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, ஒட்டை மேலே இழுக்காமல் தோலையொட்டி மெல்லச் சுருட்டுக. புண்பட்ட இடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம் வழக்கம். நீரிழிவு உடையார்க்குப் புண் எளிதில் சீழ்ப்பிடிக்குமாதலின் அதனை விலக்குக. சீழோ காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

புண் ஆறும்வரை அவ்விடத்தில் கருவி கூடாது. வேறிடத்திலும் ஒட்ட இயலாதபோது, பழைய விரற்குத்துச் சோதனையை விடாது செய்து வருக. பள்ளிப் பிள்ளையாயின் அச்சோதனைக் கருவி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை வகுப்பாசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும்.